முள்கரண்டிக் கண்காணிப்பாளர்

சென்னையில் ஐந்து நட்சத்திர ஓட்டலில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் கம்பெனி விருந்து என்றால், அழைப்பிதழுக்கு முன்னால் இவர் வந்து நிற்பார். பதவியில் நடுத்தரம்தான், மேசை நாகரிகத்தில் மட்டும் தலைமைப் பீடம். உட்கார்ந்ததும் துணி நாப்கினை ஒரே உதறலில் விரித்து மடியில் போடுவார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான், தங்கள் நாப்கின் இன்னும் விசிறி மடிப்பில் தட்டின்மேல் நிற்பது மற்றவர்கள் கண்ணில் படும். அடுத்து மேசைக்கு அடியில் இரண்டு கைகளிலும் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, மற்ற விரல்களை நிமிர்த்திப் பார்ப்பார். இடது கையில் ஆங்கிலச் சின்ன எழுத்து ‘பி’ தெரியும், பிரெட் இடப்பக்கம். வலது கையில் ‘டி’, டிரிங்க் வலப்பக்கம். இவ்வளவும் சரிபார்த்த மனிதர் இனிச் சாப்பிடுவார் என்றுதானே நினைப்போம்? இல்லை, பார்க்கத் தொடங்குவார். எதிரில் இருப்பவன் போன தீபாவளிக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த பையன். சூப்புக்கு எந்தக் கரண்டியை எடுக்கப் போகிறான் என்பதில் அவருக்கு இருக்கும் ஆர்வம், வந்திருக்கும் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடுவாரா என்பதில் கூட இருக்காது.

அந்த மேசையிலேயே மரியாதை தெரியாதவர் யார் என்று கேட்டால் நான் அந்தப் பையனைக் காட்ட மாட்டேன், இவரைத்தான் காட்டுவேன். இவர் நம்பும் விதிகளை வைத்தே அதை நிரூபிக்கலாம். பக்கத்தில் இருப்பவர் தப்பான கரண்டியை எடுத்தால் கவனிக்காதது போல் இருக்க வேண்டும் என்பது மேற்கத்திய மேசை நாகரிகத்தில் பாலபாடம். இவரோ கவனிப்பதோடு நிற்பதில்லை. புருவத்தைத் தூக்குவார், மெல்லிய புன்னகை ஒன்றை வழங்குவார், பிறகு மேசை முழுக்கக் கேட்கும்படி ‘வெளியிலிருந்து உள்ளே வரணும் தம்பி’ என்பார். ரொட்டியைக் கையால் பிய்த்துத்தான் சாப்பிட வேண்டும், கத்தி வைக்கக் கூடாது என்பது அதே நாகரிகத்தின் இன்னொரு விதி. ஆனால் பட்டர் நான் வந்தவுடன் இவருக்குத் திடீர்ப் பயம் பிடித்துவிடுகிறது. கையால் தொட்டால் ஊர் தெரிந்துவிடுமே! முள்கரண்டியால் அதை அழுத்திப் பிடித்துக் கத்தியால் அறுக்கிறார். வெண்ணெய் வழியும் நான் தட்டில் வழுக்கி ஓடுகிறது, பன்னீர் மசாலா மேசை விரிப்பில் குதிக்கிறது. வெள்ளைக்கார விருந்தாளி நிதானமாகக் கையால் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

பரிமாறுபவரிடம் இவர் நடந்துகொள்வதையும் பார்க்க வேண்டும். சாப்பிட்டு முடித்தவர் கத்தியையும் முள்கரண்டியையும் அருகருகே தட்டில் வைத்தால், தட்டை எடுக்கலாம் என்று பொருள். வாய் திறக்க வேண்டியதே இல்லை. அளவெடுத்தது போல் இவர் அப்படி வைத்துவிட்டு, உடனே விரலைச் சொடுக்கி ‘ஹலோ’ என்று கூப்பிடுவார். கரண்டி வைக்கத் தெரியாத பையன்தான் தண்ணீர் ஊற்றியவருக்கு ‘தேங்க்ஸ்ணா’ சொன்னான்.

இதெல்லாம் காலங்காலமாக வந்த முறை, மாற்ற முடியாது என்பது இவருடைய முதல் வாதம். வரலாறு அதற்கு ஒத்துழைக்கவில்லை. இத்தாலியில் முள்கரண்டியைக் கண்டு பழகிக்கொண்ட தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயர் 1611-இல் அதைப் பற்றி எழுதினார்; ஊர் திரும்பியபின் நண்பரே கேலி செய்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறார். நம் கண்காணிப்பாளர் அன்று லண்டனில் இருந்திருந்தால், முள்கரண்டி எடுத்தவனைப் பார்த்துத்தான் புருவத்தைத் தூக்கியிருப்பார். மேலும், எல்லாப் பதார்த்தத்தையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்புவதுதான் பழைய பிரெஞ்சு வழக்கம். ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவரும் ரஷ்ய முறை மேற்கு ஐரோப்பாவில் பரவியது 19-ஆம் நூற்றாண்டில். பதார்த்தத்துக்கு ஒன்றாகக் கரண்டிகள் தட்டின் பக்கத்தில் அணிவகுத்தது அதற்குப் பிறகுதான். மீனுக்குத் தனிக் கத்தி வந்த கதை இன்னும் எளிது. எலுமிச்சை பட்டால் சாதாரண எஃகுக் கத்தி உணவின் ருசியைக் கெடுத்தது, அதனால் வெள்ளியில் செய்தார்கள். 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கியதோடு அந்தத் தொல்லைக்குத் தீர்வு பிறந்துவிட்டது. தொல்லை போனபின்னும் கத்தி போகவில்லை. இவர் அதற்குக் காவல் நிற்கிறார்.

தொழில்முறை விருந்துக்கு நல்ல சாட்சி காந்தி. 1888-இல் கப்பல் ஏறியபோது கத்தி, முள்கரண்டி பிடிக்கத் தெரியாமல், கொண்டுபோன பட்சணங்களையும் பழங்களையும் அறைக்குள்ளேயே வைத்துச் சாப்பிட்டவர் அவர். அன்று லண்டனில் பாரிஸ்டர் ஆகப் பரீட்சை மட்டும் போதாது. ஒவ்வொரு பருவத்திலும் சுமார் 24 விருந்துகளில் ஆறிலாவது உட்கார்ந்தாக வேண்டியிருந்தது. நான்கு பேர் கொண்ட மேசைக்கு இரண்டு புட்டி ஒயின். காந்தி குடிக்க மாட்டார் என்பதால், தங்கள் மேசைக்கு அவரைச் சேர்த்துக்கொள்ளப் போட்டியாம். மூன்று பேர் இரண்டு புட்டியைக் காலி செய்யலாமே! அவர் எந்தக் கரண்டியை எடுத்தார் என்று எவரும் குனிந்து பார்த்ததாகத் தெரியவில்லை. இந்த விருந்துகளால் வக்கீல் தொழிலுக்கு என்ன தகுதி கூடுகிறது என்று தமக்கு விளங்கவில்லை என்றும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இரண்டாவது வாதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. சூப்பை உறிஞ்சிக் குடிப்பவனைப் பார்த்து வாடிக்கையாளர் முகம் சுளித்தால் நஷ்டம் கம்பெனிக்குத்தானே, அப்போது யார் சொல்லித் தருவது என்று கேட்பார். நியாயமான கேள்வி. அறிமுகம் இல்லாதவர்கள் கூடும் இடத்தில் பொது விதி இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. இலையில் நுனி எந்தப் பக்கம் என்று நமக்கும் விதி உண்டு. ஆனால் சொல்லித் தர இடம் அலுவலகம், நேரம் முந்தின நாள். வெளிப்பக்கக் கரண்டியிலிருந்து தொடங்கு, எல்லோருக்கும் வந்தபிறகு சாப்பிடு, வாயில் சோற்றோடு பேசாதே, போனை மேசையில் வைக்காதே: ஒரு காபி நேரத்துக்குள் முடிகிற பாடம் இது. விதி ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகளில் இருக்கும் ஜப்பானியரோடு விருந்து என்றால், நூடுல்ஸை உறிஞ்சும் சத்தம் அங்கே குற்றமில்லை. தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வதுதான் குறை. பக்கத்துக் கோப்பை காலியானதா என்று பார்த்து நிரப்ப வேண்டும். அடுத்தவர் பக்கம் எட்டிப் பார்க்க நம் ஆளுக்குக் கிடைக்கும் ஒரே சட்டபூர்வமான வாய்ப்பு அது. அன்றைக்குப் பார்த்து அவர் கோப்பையைப் பார்க்க மாட்டார், சாப்ஸ்டிக்கைப் பிடிக்கும் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனவே, இருக்கை வரிசை போடும் மனிதவளத் துறையினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விருந்தில் அந்தப் பையனை வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நம் கண்காணிப்பாளரைத் தணிக்கைக்கு வந்திருக்கும் ஆடிட்டருக்கு எதிரில் போடுங்கள். பிறர் தப்பைக் கண்டுபிடிப்பதில் இரண்டு பேருக்கும் நன்றாகப் பொழுது போகும்.