அட்டை காய்ச்சும் மருமகன்

ஸ்கார்பரோ, டொரன்டோ
மாசி மாதம், வாசலில் முழங்கால் அளவு பனி

அன்புள்ள மாமாவுக்கு,

அங்கு அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கொடுத்தனுப்பிய தைலம் தடவுகிறாரா, இல்லை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாரா?

போன ஞாயிற்றுக்கிழமை நான் போனை எடுத்ததும், "பிள்ளைகிட்ட குடுங்க" என்று ஒரே சொல்லில் நீங்கள் என்னை வெட்டிவிட்டபோதே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். பிறகு விசாரித்ததில் விளங்கியது. உங்கள் மகள் அத்தையிடம், "இவரு ராத்திரியில கராஜுக்குள்ள என்னத்தையோ காய்ச்சுறாரு, வாடை தாங்க முடியல" என்று சொல்லியிருக்கிறாள். அத்தை அதைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சொல்லியிருக்கிறார். பீலிக்கரையிலிருந்து மேல் லயத்துக்கு ஏறுவதற்குள் நான் கனடாவில் கசிப்பு காய்ச்சுகிறவன் ஆகிவிட்டேன். மஸ்கெலியா பஸ்ஸில் ஒருவர், "போத்தல் என்ன வெலைக்குப் போகுதாம்?" என்று உங்களிடமே கேட்டாராம். வாட்ஸ்அப்பில் பதில் சொன்னால் அதுவும் பீலிக்கரை வழியாகத்தான் போகும். அதனால் கடிதம். மாமா, நான் காய்ச்சுவது கசிப்பு இல்லை. அட்டை.

தேயிலை மலையில் பிறந்தவருக்கு அட்டையைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். மழைக்காலத்தில் கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்கள் வாசலில் நின்று முதலில் காலைப் பார்ப்பார்கள். சவுக்காரம் பூசிக்கொண்டு போனாலும் இரண்டு ஒட்டிக்கொண்டு வரும். உப்பு வைத்தால் சுருண்டு விழும். அதன் சாதிசனம் இங்கே தண்ணீருக்குள் வாழ்கிறது. ஏரிக்கரை ஊர்களில் தூண்டில் சாமான் விற்கும் கடைக்குப் போனால் அதை டசன் கணக்கில் விலை கொடுத்து வாங்கலாம். பக்கத்திலேயே, ஐஸ்பெட்டிக்குள், டப்பாவில் அடைத்த மண்புழு. அந்தப் புழுவும் நம்மைப் போல வந்தேறிதான். பனியுகத்தில் இந்தப் பக்கத்து மண் முழுவதும் உறைந்து கிடந்தது. இப்போது இங்கே நெளிகிற மண்புழுக்களில் பெரும்பாலானவை வெள்ளைக்காரன் ஐரோப்பாவிலிருந்து வந்தபோது செடியோடும் மண்ணோடும் கூடவே வந்தவை. விசா கேட்கப்படாத குடியேறிகள்.

தூண்டிலில் இரையாக மாட்டிய உயிருள்ள அட்டையை ஒரு மீன் கடித்தால் அநேகமாக அதோடு அதன் கதை முடிந்தது. நான் காய்ச்சுவது பிளாஸ்டிக் அட்டை. அது பல கடி தாங்கும். கிழிந்தால் அதையே உருக்கித் திரும்ப ஊற்றலாம். இதற்கெல்லாம் மூலபுருஷர் அமெரிக்காவில் ஏக்ரன் என்ற டயர் தொழிற்சாலை ஊரில் இருந்த நிக் கிரீம் என்பவர். 1949-இல் மனைவியோடு சேர்ந்து வீட்டு அடுப்பில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி ரப்பர் போல நெளியும் புழுவை வார்த்தார். நம் ஊரில் நோட்டன் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. மலையகத்தில் நம்மவர்களின் ஓட்டுரிமை போன வருஷமும் அதுதான். உலகத்தில் யார் யார் எதை எதைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள் பாருங்கள்.

இனி காய்ச்சும் விதம். தேயிலை ஸ்டோரில் டிரையர் பக்கம் காலம் தள்ளிய உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பிவிசியின் தூளை ஒருவகை எண்ணெயில் கலக்கிய வெள்ளைத் திரவம் கடையில் கிடைக்கிறது. பெயர் பிளாஸ்டிசால். கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கிக் கிளற வேண்டும். முதலில் கெட்டிப்பட்டுக் கரண்டியைப் பிடித்துக்கொள்ளும். பயப்படாமல் மேலும் சூடாக்கினால் 177 பாகை செல்சியஸ் அளவில் இளகித் தெளிந்து கண்ணாடி மாதிரி ஓடும். தேயிலை டிரையரின் காற்றுக்கு நூறு பாகையை ஒட்டிய சூடு போதும். இதற்கு அதைவிட எவ்வளவோ அதிகம். அதற்கும் மேலே போனால் தீய்ந்து மஞ்சளாகும். ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பும். நெஞ்சுக்கு நல்லதல்ல. உங்கள் மகள் சொன்ன வாடை அதன் தம்பி.

ஆகவே சமையலறை எனக்குத் தடை செய்யப்பட்ட பிரதேசம். யாரோ தெருவோரத்தில் மலிவாக விற்ற பழைய மைக்ரோவேவ் கராஜில் இருக்கிறது. அதில் சோறு சூடாக்கக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். முகத்தில் புகைமூடி, கையில் தடித்த உறை. வெளியே மைனஸ் பதினைந்து. கராஜ் கதவைச் சாத்தினால் புகை கொல்லும், திறந்தால் குளிர் கொல்லும். பாதி திறந்து வைத்து இரண்டுக்கும் சமமாகப் பயந்துகொண்டு காய்ச்சுகிறேன்.

அச்சு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நானே செய்தது. களிமண்ணில் அட்டையைப் பிடித்து அதன்மேல் வார்த்தேன். வால் தட்டையாக, நுனி மெல்லியதாக இருந்தால்தான் தண்ணீரில் நீந்தும். அச்சு எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அது நீராவியாகி, கொதிக்கும் பிளாஸ்டிக்கை முகத்தில் துப்பும். மெல்லிய தாரையாக ஊற்றினால் குமிழி வராது. ஆறியதும் உரித்து எடுத்து நேராகக் கிடத்த வேண்டும். கோணலாகக் கிடந்தால் ஆயுசுக்கும் கோணல்தான்.

ஊற்றுவதற்கு முன் இன்னொரு பொருளைக் கலக்குவார்கள். என்ன தெரியுமா? உப்பு. உப்பு சேர்ந்தால் கனம் கூடித் தண்ணீரில் அழகாக இறங்கும். கவ்விய மீனும் அவ்வளவு சீக்கிரம் துப்பாது என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. தலைமுறை தலைமுறையாக உப்பு வைத்து அட்டையைக் கொன்ற குடும்பத்தில் பிறந்து, உப்புப் போட்டு அட்டை செய்து பிழைக்கிறேன். அப்பாயி இருந்திருந்தால் உறுமால் துணியால் தலையில் அடித்திருப்பார்.

கலர் விஷயத்துக்குத்தான் பொறுமை வேண்டும். கடையில் விற்கும் கலர்களின் பெயரைக் கேட்டால் பசிக்கும்: பச்சைப் பூசணி, தர்ப்பூசணி, பஞ்சுமிட்டாய், பபிள்கம். நடுவில் மோட்டார் எண்ணெய் என்றும் ஒன்று. குவளைக்குச் சில சொட்டுதான் சாயம். கூடினால் ஒளி ஊடுருவாமல் தார்க்கட்டியாகிவிடும். சூட்டில் தெரிகிற நிறம் ஆறியபின் இருக்காது. அதனால் ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் விட்டு ஆறவைத்துப் பார்க்க வேண்டும். டீமேக்கர் வெள்ளைக் கோப்பையில் சாயத்தை ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பதை நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். இங்கே ஆளுக்கு ஒரு மின்விளக்கு. நான் மட்டும் விடியும்வரை காத்திருந்து வடக்கு ஜன்னலில் பார்க்கிறேன். என் கலர்களுக்கு நானே பெயர் வைத்திருக்கிறேன்: கொழுந்து, முற்றல் இலை, ரெண்டாம் சாயம்.

ரெண்டாம் சாயத்துக்கு ஒரு காரணம் உண்டு. டொரன்டோவுக்கு வடக்கே மஸ்கோகா பக்கத்து ஏரிகள் பல பழுப்பு நிறம். சதுப்புக் காட்டில் உதிர்ந்த இலையும் மட்கும் ஊறி இறங்கி, ஏரி முழுவதும் சீனி போடாத பிளேன்டீ. தெளிந்த தண்ணீரில் இயற்கை நிறம், கலங்கலில் கறுப்பு என்பது தூண்டில்காரர் கணக்கு. கறுப்பு நிழலாகவாவது தெரியும். கடைக்காரன் கறுப்பைக் கொடுத்தான். நான் கறுப்பில் கொஞ்சம் பழுப்பும் விலாவில் மஞ்சள் கோடும் சேர்த்தேன். காலில் ஒட்டியதைக் கிட்டப் பார்த்தவனுக்குத்தான் அந்தக் கோடு தெரியும். ஏரிக்குக் கொண்டுபோனபோது பாஸ் மீன் வந்து அந்த அட்டையைத்தான் எடுத்தது. என் தூண்டில் பெட்டியை எட்டிப் பார்க்காத வெள்ளைக்காரர் இல்லை.

கூட வந்த யாழ்ப்பாணத்து நண்பருக்கு மட்டும் பெருமை வரவில்லை. "கடல் மீன் தின்னுற சனத்துக்கு உது ஒரு மீனே?" என்றார். போகும்போது ஒரு பிடி அட்டையை அள்ளிக்கொண்டு போனார். கலர் கலராக ஒன்றாய்ப் போட்டு வைத்தாராம். ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஊறிவிட்டது. போதாததற்கு அட்டைக்குள் இருந்த எண்ணெய் அவருடைய பிளாஸ்டிக் டப்பாவின் அடியையே கரைத்துவிட்டது. "உன்ர அட்டை பெட்டியையே தின்னுது" என்று போன் வந்தது. எங்கள் ஊர் அட்டை சும்மா விடுமா?

மீனை என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். இங்கே அனுமதிச் சீட்டு இல்லாமல் தூண்டில் தொடக்கூடாது. சீட்டிலும் இரண்டு சாதி. பெரிய சீட்டுக்கு நாளைக்கு ஆறு பாஸ், சின்னச் சீட்டுக்கு இரண்டு. ஜூன் மாதம் பாதி போகும்வரை பாஸைத் தொடவே கூடாது. பலர் பிடித்து, படமெடுத்து, முத்தம் கொடுத்துத் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். நம் மலை ஓடைகளில் டிரவுட் கொண்டுவந்து விட்ட வெள்ளைக்காரத் தொரைமாரும் விளையாட்டுக்குத்தான் பிடித்தார்கள். நாம் குழம்புக்குப் பிடித்தோம். நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். விட்டால் உங்கள் மகள் முறைக்கிறாள், கொண்டுவந்தால் யார் கழுவுவது என்கிறாள்.

சித்திரையில் ஊருக்கு வருகிற பையனிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் திலாப்பியாவுக்குப் போட்டு ஏமாறாதீர்கள். பாசி மேய்கிற மீன் இதை ஏறெடுத்தும் பார்க்காது. வேறு ஏதாவது பெரிய வாய்க்காரன் இருந்தால் காட்டிப் பாருங்கள். மழை விட்டபின் நோட்டன் அணையில் தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று மட்டும் மறக்காமல் எழுதுங்கள். அதற்குத் தக்கபடி அடுத்த ஈட்டைக் காய்ச்ச வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்

பின்குறிப்பு: பஸ்ஸில் விலை கேட்டவரிடம், ஒன்று அரை டாலர், உப்புப் போட்டது என்று சொல்லுங்கள்.