கடற்கரைக்குப் பட்டம் எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் கடற்கரையைக்கூட 'தேசியப் பாரம்பரியப் பகுதி' என்று அறிவிக்கிறார்களாமே! அலைக்கும் மணலுக்கும் அப்படியென்ன தகுதி?

பதில்: தகுதி அலைக்கில்லை, அங்கே பாடுபட்டவர்களுக்கு. வட கரோலினா முதல் புளோரிடா வரை நான்கு மாநிலங்களில் நீளும் 'கல்லா கீச்சி' கரையைப் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே சதுப்பைத் திருத்தி நெல் விளைவித்தார்கள். கல்லாப்பெட்டி நிறைந்தது முதலாளிகளுக்கு. பாடுபட்ட அந்த அடிமைகளின் சந்ததியினரான கல்லா கீச்சி மக்களுக்குத் தனி மொழி உண்டு. 2005-ல் பைபிளின் புதிய ஏற்பாடே அதில் வெளிவந்தது. கரண்டிக் காம்பைத் தேய்த்துச் செய்த கருவியால் துளையிட்டு, சுருட்டிய புல்லை ஓலைக்கீற்றால் தைத்து இன்றும் சாலையோரத்தில் கூடை விற்கிறார்கள். மண்ணும் மொழியும் தொழிலும் சேர்ந்து ஒரே வரலாற்றைச் சொல்கின்றன. வேறென்ன சான்று வேண்டும்? 2006-ல் அமெரிக்க நாடாளுமன்றமும் அதை ஒப்புக்கொண்டு, சட்டம் இயற்றி இந்தப் பட்டத்தைக் கொடுத்தது.

'பட்டம் கொடுத்துவிட்டு அரசு நிலத்தைப் பிடுங்கிக்கொண்டால்?' என்பது வழக்கமான பயம். பிடுங்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. சிக்கல் என்னவென்றால், பிடுங்குகிறவர்களைத் தடுக்கவும் இடமில்லை. பிடுங்கல் பட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1956-ல் இந்தக் கரையிலுள்ள ஹில்டன் ஹெட் தீவுக்குப் பாலம் வந்தது. பின்னாலேயே கோல்ஃப் மைதானங்களும் சொகுசு விடுதிகளும் வந்தன. உயில் எழுதாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய பங்காளி நிலங்கள் பல ஏலத்துக்குப் போயின. அப்படியானால் பட்டம் ஏட்டுச் சுரைக்காயா? முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. மானியம் வருகிறது, பிள்ளைகளுக்குக் கதை போய்ச் சேருகிறது, பெயர் வரைபடத்தில் ஏறுகிறது. பெயரில்லாத ஊரை அழிப்பது சுலபம். கரைக்குத் தகுதி தாராளமாக இருக்கிறது. பட்டத்துக்குத்தான் பல் இன்னும் முளைக்கவில்லை.