மாதா மாதம் ஒரு பெட்டி

அமெரிக்காவில் டாலர் ஷேவ் கிளப் என்று ஒரு கம்பெனி. சவர பிளேடை மாதா மாதம் தபாலில் அனுப்பும், அவ்வளவுதான் தொழில். 2016இல் யூனிலீவர் அதைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. பெங்களூரில் இருக்கும் என் மகன் இந்தச் செய்தியைப் போனில் சும்மா சொல்லிவைத்தான். ஓய்வு பெற்ற அப்பாக்களிடம் சும்மாகூடச் சொல்லக்கூடாத செய்தி இது. பிளேடுக்கே நூறு கோடி டாலர் என்றால் சாத்தூர் சேவுக்கு என்ன தரமாட்டார்கள்?

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். "மார்க்கெட் எங்கே? போட்டி யாரு? கையில என்ன நிக்கும்?" என்று கேட்டே பலரைத் தொழிலதிபர் ஆகாமல் காப்பாற்றியிருக்கிறேன். என்னைக் காப்பாற்ற வீட்டில் ஒரே ஒரு அதிகாரிதான் இருந்தாள்.

"ஏங்க, இதெல்லாம் பெங்களூர்லயே கிடைக்குமே?"

"கிடைக்கும். பெட்டியில கிடைக்காது."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன்.

திட்டம் எளிமையானது. மாதம் 599 ரூபாய் சந்தா. ஒவ்வொரு மாதமும் ஓர் ஊரின் பலகாரம் வெளியூர்த் தமிழர்கள் வீட்டுக்கே போகும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அதற்கு முந்தைய வருடமே. மணப்பாறை முறுக்குக்கு 2023இல். அரசாங்கமே சான்றிதழ் கொடுத்துத் தயாராக வைத்திருக்கிறது, எடுத்து அனுப்ப ஆள் இல்லை என்று தோன்றியது. 'ஊர்ப்பண்டம்' என்று பெயர் வைத்தேன். பெயர் அச்சடித்த அட்டைப் பெட்டி 1,000க்குக் குறைவாகச் செய்து தரமாட்டோம் என்றார்கள். செய்து தந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் நின்றபடியே காபி குடித்தார்கள்.

முதல் அடி ஆடிட்டரிடமிருந்து. உள்ளூரில் சரக்கு விற்றால் ஜி.எஸ்.டி. பதிவுக்கு ஒரு வரம்பு உண்டு, வெளிமாநிலத்துக்கு விற்றால் முதல் பெட்டிக்கே பதிவு வேண்டும் என்றார். "வருஷத்துக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "எதுக்கும் பதிவு பண்ணிக்குவோம்" என்றார்.

இரண்டாவது அடி முறுக்கிடமிருந்து. கூரியர்காரர்கள் பார்சலைத் தராசில் மட்டும் நிறுப்பதில்லை, நாடாவிலும் அளக்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் வருவது இன்னொரு எடை. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. என் பெட்டி 30க்கு 25க்கு 20. கணக்குப் போட்டால் 3 கிலோ. உள்ளே இருந்த முறுக்கோ ஒரு கிலோ. மீதி இரண்டு கிலோ மதுரைக் காற்றைப் பணம் கட்டி டெல்லிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். முறுக்கின் அழகே அதன் ஓட்டையில் இருக்கிறது என்று முன்பெல்லாம் ரசித்துச் சொல்வேன். இப்போது சொல்வதில்லை.

பால்கோவா கெட்டுப்போகும் என்று பயந்து அதைத் தள்ளிவைத்து, தூத்துக்குடி மக்ரூனைப் பிடித்தேன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும் சேர்ந்த அந்தப் பண்டம் விரலால் அழுத்தினாலே நொறுங்கும். கூரியர் வண்டியில் அதன்மேல் யாரோ தண்ணீர் மோட்டாரை வைத்திருக்கிறார்கள். "மாவு வந்து சேர்ந்தது. இதை எப்படிச் சமைக்க வேண்டும்?" என்று புனேயிலிருந்து ஓர் அம்மா மரியாதையாகக் கேட்டிருந்தார். உடையாமல் போய்ச் சேர்ந்த பெட்டி அதைவிட மோசம். முட்டை சேர்ந்தால் உறையில் அசைவத்துக்கான பழுப்புக் குறி போட வேண்டும் என்பது சட்டம், போட்டிருந்தேன். சென்னை மாமி ஒருவர் போனில் அழாத குறை. "இத்தனை வருஷமா தூத்துக்குடி கல்யாணத்துக்கெல்லாம் போய்ச் சாப்பிட்டிருக்கேன். நீங்க ஏன் இதைச் சொன்னேள்?" சந்தாவை நிறுத்திவிட்டார்.

கையில் என்ன நின்றது? பலகாரம் 280, பெட்டி 45, உள்ளே சுற்றும் குமிழித்தாள் 20, கூரியர் 210, ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிறவர்களுக்கு 14. ஆக 569. லாபம் 30 ரூபாய். ஒரு பெட்டி நொறுங்கி, மறுபெட்டி அனுப்பினால் கிட்டத்தட்ட 18 பெட்டியின் லாபம் காலி. வரியை இதில் சேர்க்கவில்லை. வேறு யாராவது இந்தக் கணக்கோடு கடன் கேட்டு வந்திருந்தால், உட்காரச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

ஆனால் சந்தாத் தொழிலின் அஸ்திவாரம் லாபமில்லை, மறதி என்றான் மகன். வாடிக்கையாளர் ஒருமுறை அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டும். பணம் தானாக வந்துகொண்டிருக்கும். அமெரிக்காவில் மறப்பார்களாக இருக்கலாம். இங்கே ரிசர்வ் வங்கி மறக்க விடாது. 2021 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுக்க முதலில் ஓ.டி.பி. போட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் தர வேண்டும். 'நாளை உங்கள் கணக்கிலிருந்து 599 ரூபாய் எடுக்கப்படும், வேண்டாமென்றால் இங்கே தொடவும்' என்று செய்தி போகும். பெரும்பாலோர் தொட்டார்கள். வங்கியில் இருந்த காலத்தில், வாடிக்கையாளருக்கு எதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று கூட்டம் கூட்டமாகப் பேசியவன் நான்.

மாதத்துக்கு நூறில் பத்துப் பேர் விலகினால் பரவாயில்லை, தொண்ணூறு பேர் இருக்கிறார்களே என்று தோன்றும். பன்னிரண்டு மாதம் அப்படியே போனால் நூறு பேரில் 28 பேர்தான் மிஞ்சுவார்கள். எனக்கு மிஞ்சியவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். அவர்கள் விலகவே மாட்டார்கள். பணம் கட்டினால்தானே விலகுவதற்கு? பெட்டி ஒரு நாள் தாமதமானால் மச்சான் மட்டும் கோபப்பட்டுப் போன் பண்ணுவார்.

எங்கள் தெருவில் தீபாவளிச் சீட்டு நடத்தும் அக்கா ஒருவர் உண்டு. மாதம் 500 ரூபாய் கட்டினால் தீபாவளிக்கு முன்னால் பட்டாசு, இனிப்பு, எண்ணெய், ஓர் எவர்சில்வர் பாத்திரம். நடுவில் நின்றால் கட்டிய பணம் தீபாவளி கழித்துத்தான். சரக்கு மொத்த விலைக்கு ஒரே தடவை வாங்குவார். கூரியர் கிடையாது, கட்டைப்பையோடு நாம் போய் வாங்கிவர வேண்டும். என் வீட்டு அட்டைமலையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க மாசா மாசம் பொட்டியக் குடுத்துட்டுக் காசுக்கு நிக்கிறீங்கண்ணே. நான் மாசா மாசம் காச வாங்கிட்டு, ஒருவாட்டி பொட்டி குடுக்கிறேன்." ஒரு மேலாண்மைப் படிப்பு முழுவதும் வாசற்படியில் முடிந்தது.

மீதிப் பெட்டிகளைப் பட்டாசு போட்டுத் தர அவரே பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். என் தொழிலில் மொத்தமாக நடந்த ஒரே விற்பனை அது. அந்தப் பணத்தை என் மனைவி அவரிடமே முன்பணமாகக் கட்டி, எங்கள் பெயரையும் சீட்டில் சேர்த்துவிட்டாள். பணம் தீர்ந்து இப்போது மாதா மாதம் கட்டுகிறோம். முன்னறிவிப்பு கிடையாது. ஐந்தாம் தேதி காலை ஏழு மணிக்கு வாசலில் "அண்ணே!" என்று ஒரு குரல். ரிசர்வ் வங்கி கேட்கும் சம்மதம், சரிபார்ப்பு எல்லாம் அந்த ஒரு குரலில் அடக்கம். இதுவரை யாரும் விலகியதில்லை.