கவலைக்கு மாலை ஆறரை மணி

கேள்வி: மூத்தவன் ப்ளஸ் டூ. ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால் கட்-ஆஃப், கவுன்சலிங், ஃபீஸ் என்று என் மனசு ஓடுகிறது. சின்னவள் பள்ளிக்கூடத்துக் கதை சொல்வாள். நடுவில் நிறுத்தி, "நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லும்மா" என்பாள். முழிப்பேன். "கவலைப்படாதே" என்கிறார் கணவர். எப்படிப் படாமல் இருப்பது?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கணவர் அன்பில்தான் சொல்கிறார். ஆனால் அப்படிச் சொன்னதால் கவலை போன வீடு எதுவும் இல்லை. 1987-ல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய சகாக்களும் மாணவர்களைத் தனியாக உட்காரவைத்து, "ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்துவிட்டால் மணியை அடியுங்கள்" என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கூத்து அதோடு முடியவில்லை. "சரி, இனி நினைக்கலாம்" என்று அனுமதி கொடுத்ததும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றிருந்தவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. அடக்கிய நினைப்பு பலம் சேர்த்துக்கொண்டு திரும்பி வருகிறது. ஆகவே முழிப்பதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். மனம் ஓடுவது உங்களுக்கு மட்டும் வந்த குறையும் இல்லை. 2010-ல் ஹார்வர்டைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் செல்போன் வழியாக அவ்வப்போது "இந்த நிமிடம் என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது" என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனம் கைவேலையில் இல்லை. அப்படி ஓடிய நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது.

மனம் ஓடட்டும்; ஓடிய இடத்திலேயே ஏன் உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லூகாஸ் லாஃப்ரெனியர், மிஷெல் நியூமன் இருவரும் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பொதுப் பதற்ற நோய் உள்ள 29 பேர் பத்து நாள் தங்கள் கவலைகளை எழுதிவைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றும் பலித்ததா என்று தினமும் மாலையில் சரிபார்த்தார்கள். 91 சதவீதத்துக்கும் மேல் பலிக்கவில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகக் கணக்குப் போட்டபோது அதிகமாக வந்த விடை நூற்றுக்கு நூறு, அதாவது எழுதியதில் ஒன்றுகூட நடக்கவில்லை. சிறிய ஆய்வுதான், எல்லோருக்கும் இதே சதவீதம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. பத்தில் ஒன்பது முறை பொய் சொல்லும் ஆளை நாம் வாசலோடு அனுப்பிவிடுவோம். கவலையை மட்டும் ஏன் திரும்பத் திரும்ப நம்புகிறோம்?

அது பொய்ப்பதால்தான் நம்புகிறோம் என்பது என் வாதம். பையன் பைக்கில் போகிறான், நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அவன் பத்திரமாக வந்து சேர்கிறான். கவலைப்பட்ட மனம் "நல்லவேளை" என்று மூச்சு விடுகிறது. அந்த நிம்மதியும் முன்னால் பட்ட கவலையும் உள்ளுக்குள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. தாயத்து கட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை, ஆகவே தாயத்து பலித்தது என்கிற கணக்கு இது. நடக்காமல் போகும் ஒவ்வொரு ஆபத்தும் கவலையின் வரவில் ஏறுகிறது. அதே பல்கலைக்கழகத்தில் வாழ்நாளெல்லாம் கவலையை ஆராய்ந்த தாமஸ் போர்க்கோவெக், கவலையை வளர்ப்பதே இந்த நிம்மதிதான் என்று விளக்கினார். கவலையை விட்டால் பையனைக் கைவிட்டதுபோல உங்களுக்குத் தோன்றுவதும் இதனால்தான். அவனைக் காப்பது நீங்கள் வாங்கிக்கொடுத்த ஹெல்மெட். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நீங்கள் பட்ட பதைப்பு அவனுக்கு எந்தக் காவலும் கொடுக்கவில்லை, எதிரில் இருந்த சின்னவளின் அம்மாவையும் பிடுங்கிக்கொண்டது.

இதற்கு ஒரு வழி உண்டு. போர்க்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983-ல் சோதித்துப் பார்த்தது. கவலைப்படுங்கள், ஆனால் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் மட்டும். மற்ற நேரத்தில் வந்தால் விரட்ட வேண்டாம், "ஆறரைக்கு வா" என்று சொல்லித் தள்ளிப்போடுங்கள். விரட்டினால் கரடி கதைதான். தள்ளிப்போடும்போது கவலையின் வாயை யாரும் அடைக்கவில்லை, அதற்குரிய நேரம் காத்திருக்கிறது. அதனால் மனம் இணங்குகிறது. அந்த ஆய்வில் இப்படிச் செய்தவர்களின் அன்றாடக் கவலை குறைந்தது. கட்-ஆஃபை ஆறரைக்கு வரச் சொல்லுங்கள். எட்டு மணிச் சாப்பாடு சின்னவளுக்கு.

கேள்வி: கவலைப்பட்டவன்தான் கரையேறுவான். என் அப்பா ராத்திரியெல்லாம் தூங்காமல் கவலைப்பட்டார். அதனால்தான் நாங்கள் நாலு பேரும் படித்தோம். கவலையில்லாத மனிதன் பொறுப்பில்லாத மனிதன். மறுக்க முடியுமா?
— வாசகர், கரூர்

பதில்: உங்கள் அப்பாவை வணங்குகிறேன், உங்கள் கணக்கை மறுக்கிறேன். நாலு பேரையும் படிக்கவைத்தது அவர் மாதம் தவறாமல் கட்டிய சீட்டும், தீபாவளிக்குத் தனக்குச் சட்டை எடுக்காமல் செலுத்திய ஃபீஸும். தூக்கம் கெட்ட ராத்திரி எந்தப் பள்ளிக்கூடத்திலும் ரசீது வாங்கித் தந்ததில்லை. அவர் தூங்கியிருந்தாலும் அந்தச் சீட்டைக் கட்டியிருப்பார். பகலில் இன்னும் கொஞ்சம் தெம்பாகவும் இருந்திருப்பார்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. கவலைதான் நம்மை வேலைக்குக் கிளப்புகிறது. தேதியை மறக்காமல் காக்கிறது. முடிக்காத வேலை முடித்த வேலையைவிட மனதில் அதிகம் தங்கும் என்பதை உளவியலாளர் ப்ளூமா ஸைகார்னிக் 1927-லேயே காட்டிவிட்டார். அப்படியானால் வேலை முடியும்வரை நச்சரிப்பு போகாதா? போகும். 2011-ல் உளவியலாளர்கள் மாசிகாம்ப்போவும் பாமைஸ்டரும் கண்டது எனக்கு மிகவும் பிடித்தது: வேலையை முடிக்கவே வேண்டாம், எப்போது எப்படிச் செய்வது என்று திட்டமாக முடிவுசெய்தாலே போதும், மனம் அந்த நச்சரிப்பை நிறுத்திவிடுகிறது. 2018-ல் தூக்க ஆய்வாளர் மைக்கேல் ஸ்கல்லின் குழு இதைப் படுக்கையறைக்குக் கொண்டுபோனது. 57 இளைஞர்களில் ஒரு பாதியினர் படுக்குமுன் ஐந்து நிமிடம் இனி செய்யவேண்டிய வேலைகளை எழுதினார்கள், மறுபாதியினர் முடித்த வேலைகளை எழுதினார்கள். செய்யவேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. பொறுப்பு என்பது "செவ்வாய் காலை பேங்க், கல்விக் கடன் படிவம்" என்று எழுதிய சீட்டில் இருக்கிறது. எழுதியபின் மிஞ்சும் பதைப்பு, அந்த வேலைக்கு ஒரு துளியும் சேர்ப்பதில்லை.

கேள்வி: கரும்பு வெட்டிக் கொடுத்து மாதக்கணக்காகிறது, ஆலையிலிருந்து நிலுவைத் தொகை வரவில்லை. வீட்டுக்காரி நகை அடகில். இந்த நேரத்தில் குழந்தையோடு சிரித்து விளையாடு என்பீர்களா? கவலையை விடுவதெல்லாம் வசதிப்பட்டவர்கள் வேலை.
— வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்களிடம் "கவலையை விடு" என்று சொல்பவருக்கு வெட்கம் வேண்டும். உங்கள் மண்ணிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை வைத்து நடந்த ஆய்வு 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் என்ற நால்வர் அதை எழுதினார்கள். அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாத காலத்தில் ஒரு முறை, பணம் வந்தபின் ஒரு முறை, அதே விவசாயிக்கு அதே மாதிரி அறிவுச் சோதனை. முன்னால் 78 சதவீதம் பேரின் பொருள் அடகில் இருந்தது. பின்னால் 4 சதவீதம். சோதனையிலும் அந்த வித்தியாசம் தெரிந்தது: பணம் வந்தபின் அதே ஆள் தெளிவாக யோசித்தார். ஆலைகள் கட்டிங் ஆர்டரை விவசாயிக்கு விவசாயி வெவ்வேறு மாதத்தில் தருவதால், இது பருவநிலையால் வந்த மாற்றம் என்று தள்ளிவிடவும் வழியில்லை. ஆக, பணமுடை வெறும் பையை மட்டும் காலி செய்வதில்லை, யோசிக்கும் தெம்பையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. உங்கள் கவலைக்கு மருந்து நிலுவைத் தொகை. அதைக் காலத்தில் கொடுக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, அந்தக் குரலோடு நானும் சேர்கிறேன்.

பணம் வரும்வரை? இங்கேதான் என் வாதத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். உங்கள் விஷயத்தில் ஆறரை மணிக் கவலை நிம்மதி தராது. ஆனால் கடனும் வட்டியும் தேதியும் ஒரு நோட்டில் ஏறி, வீட்டுக்காரியும் நீங்களும் சேர்ந்து பார்க்கும் அரை மணி நேரமாக அது மாறலாம். நாள் முழுக்க இருவரும் தனித்தனியாகச் சுமப்பதைவிட அது லேசு. குழந்தையோடு விளையாடுவதற்குக் கடன் தீர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஆலை உங்களிடமிருந்து பணத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. சாயங்காலத்தையும் அதனிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: கூட்டுக் குடும்பம். அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்தால் மாமியார் முதல் நாத்தனார் வரை "என்னாச்சு?" என்று வந்துவிடுவார்கள். எங்கே போய்க் கவலைப்படுவது?
— வாசகி, மதுரை

பதில்: மொட்டை மாடி. காய்ந்த துணியை எடுத்து மடிக்கும் நேரம். கட்டிலும் சாப்பாட்டு இடமும் மட்டும் வேண்டாம், அங்கே கவலைப்பட்டுப் பழகினால் அந்த இடத்தைப் பார்த்தாலே கவலை வரும். நாத்தனார் மாடிக்கும் வந்துவிட்டால் ஆளுக்குப் பாதித் துணி, ஆளுக்குப் பாதிக் கவலை.

கேள்வி: இருக்கும் தருணத்தை ரசி என்கிறார்கள். ரசிக்கும்படி எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? இட்லி, சட்னி, கரண்ட் பில், சீரியல். வருஷத்தில் ஒரு முறை குற்றாலம்.
— வாசகர், தென்காசி

பதில்: குற்றாலத்தை நீங்கள் எப்படியும் மறக்கமாட்டீர்கள், நழுவிப்போவது சட்னிதான். 2014-ல் டிங் ஜாங் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் சாதாரண நாளின் சாதாரணப் பேச்சுகளை எழுதிவைக்கச் சொன்னார்கள். பின்னால் இதைப் படிக்க எவ்வளவு ஆசைப்படுவீர்கள் என்று கேட்டதற்கு, பெரிதாக ஒன்றும் இருக்காது என்றார்கள். மாதங்கள் கழித்துப் படித்தபோது எதிர்பார்த்ததைவிட அதிகம் ரசித்தார்கள். அதிலும் விசேஷ நாட்களின் மதிப்பை ஓரளவு சரியாக ஊகித்தவர்கள், வெறும் நாட்களின் மதிப்பைத்தான் குறைத்துப் போட்டிருந்தார்கள். விசேஷமில்லாததை நாம் தப்பாக எடைபோடுகிறோம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இந்த எடையைச் சரியாகப் போட்டவர் நம்மிடையே ஓர் அரசர். பாண்டியன் அறிவுடைநம்பி பாடியதாகப் புறநானூற்றில் 188-ஆம் பாட்டு இருக்கிறது. பலரோடு உண்ணும் செல்வம் படைத்தவருக்கும் எது இல்லாவிட்டால் வாழ்நாள் பயனற்றது என்று சொல்ல வந்தவர், போரையும் பொக்கிஷத்தையும் விட்டுவிட்டு, குறுகுறுவென்று நடந்துவந்து நெய்ச்சோற்றை அள்ளி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைச் சொல்கிறார். ஒரு நாட்டையே ஆண்டவருக்குக் கவலைக்கா பஞ்சம்? ஆனாலும் சோறு சிந்துவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

ரசிப்பதற்கு மனதைப் பெரிதாகப் பழக்கவேண்டியதில்லை. உளவியலாளர் ஷெல்லி கேபிள் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், துணை கொண்டுவரும் நல்ல செய்திக்கு ஒருவர் எப்படி முகம் கொடுக்கிறார் என்பது, கெட்ட செய்திக்கு எப்படி ஆறுதல் சொல்கிறார் என்பதைவிட உறவின் நலனை நன்றாகக் காட்டியது. துக்கத்துக்கு ஓடிவரும் நாம், "இன்னிக்கு பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைச்சுது" என்பதற்கு "ம்" என்கிறோம். அந்த "ம்"முக்குப் பதில் ஒரு கேள்வி கேளுங்கள். மழை இருந்ததா, வழியில் என்ன பார்த்தாய் என்று. சீரியல் ஓடிக்கொண்டே இருக்கட்டும், பரவாயில்லை.

கேள்வி: நேரம் ஒதுக்கினேன், எழுதினேன், எல்லாம் செய்தேன். எட்டு மாதமாகத் தூக்கமில்லை, கழுத்தெல்லாம் இறுக்கம். டாக்டரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: ஊர் சொல்வதை ஆறரை மணிப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போய்வாருங்கள். ஆறு மாதத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் அடங்காத கவலை, கூடவே தூக்கமின்மையும் உடல் இறுக்கமும் என்றால் அது பதற்ற நோயாக இருக்கலாம். மருத்துவர் பார்த்து உறுதிசெய்வார். அதற்குப் பேச்சு சிகிச்சையும் மருந்தும் உண்டு. உங்களால் முடியாமல் போனதற்குக் காரணம் மனவுறுதிக் குறைவு இல்லை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.