இலாகா இல்லாத அப்பா

பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, கணவன் மனைவி இருவருக்கும் வேலை, முப்பதை ஒட்டிய வயது, வீட்டில் முதல் குழந்தை. இந்த விலாசத்தில் ஒரு புது அப்பா இருப்பார். குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டால் ‘நாலு மாசம்’ என்று அவர் சொல்லமாட்டார். ‘17 வாரம், 3 நாள்’ என்பார். குழந்தை எப்போது பால் குடித்தது, எவ்வளவு நேரம் தூங்கியது, வெளிக்குப் போனது என்ன நிறம் என்பதெல்லாம் அவர் செல்போனில் தேதிவாரியாகப் பதிவாகியிருக்கும். திருமணமாகி மூன்று வருடமாகியும் வீட்டுப் பால் கணக்கு எவ்வளவு என்று தெரியாதவர் இவர். சொந்தக்காரர்கள் இதைப் பாசம் என்கிறார்கள், அக்கம்பக்கத்தார் பைத்தியம் என்கிறார்கள். இரண்டுமே மேலோட்டமான தீர்ப்பு என்பது என் வாதம். குழந்தை பிறந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது, இவருக்கு மட்டும் இல்லை. அமைச்சரவையில் இலாகா இல்லாத அமைச்சர் என்று ஒருவர் இருப்பாரே, அந்த நிலைமை. கார் உண்டு, மரியாதை உண்டு, கோப்பு வராது. அதனால் தானே உட்கார்ந்து கோப்புத் தயாரிக்கிறார்.

சாட்சிக்கு முதலில் நம் மரபையே கூப்பிடலாம். தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நாள் பார்த்து அழைத்து வரும்வரை அப்பா என்பவர் வெள்ளி இரவு பஸ் ஏறி வந்து ஞாயிறு இரவு பஸ் ஏறிப் போகிறவர். வந்த இடத்தில் அவர் மாப்பிள்ளை. எனவே கறிக்குழம்பு உடனே கிடைக்கும், குழந்தை கிடைக்காது. அது இப்போதுதான் தூங்கியிருக்கும். காலையில் பாட்டி மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, குழந்தையைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டுகிற அரை மணி நேரமும் அப்பாவுக்கு ஒதுக்கப்பட்ட வேலை, துண்டோடு நிற்பது. பல குடும்பங்களில் பெயர் வைத்துக் கூப்பிடுவது அத்தையின் உரிமை. குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தும்போது குழந்தை உட்காருவது தாய்மாமன் மடியில். சீர் கொண்டு வருவதும் அவர், மாலை போட்டுக்கொள்வதும் அவர், போட்டோவில் நடுவில் இருப்பதும் அவர். பந்திக்கு இலை போதுமா, சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா என்று வேலிப்பக்கம் அலைகிறவர்தான் குழந்தையின் அப்பா.

சட்டமும் மரபுக்குச் சளைத்ததில்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தாய்க்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்புக் கிடைத்தது. மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள். தனியார் நிறுவனத்து அப்பாவுக்குப் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. நிர்வாகம் பார்த்துக் கொடுத்தால் உண்டு. அந்தச் சில நாளும் ஆஸ்பத்திரி பில், மருந்துக்கடை வரிசை, வாசலில் நின்று ‘சுகப்பிரசவம்தான், ஆமாம், மூணு கிலோ’ என்று போனில் சொல்வது என்று கரைந்துவிடும்.

இப்படி இருபக்கமும் கதவு சாத்தப்பட்டவர் எந்தப் பக்கம் போவார்? காகிதத்தின் பக்கம் போகிறார். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம் என்பதை வீட்டில் முதலில் தெரிந்து வைத்திருப்பவர் அவர்தான். பெயரைப் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள், சரி. ஆங்கிலத்தில் அதற்கு எத்தனை ‘ஏ’ போடுவது என்பது இன்னும் யார் கைக்கும் போகவில்லை. அந்தக் காலி இடத்தில் அவர் கொடி நாட்டுகிறார். எண்கணித ஜோசியரிடம் போய், மூன்றெழுத்துத் தமிழ்ப் பெயரைப் பதினோரு ஆங்கில எழுத்தாக வளர்த்துக்கொண்டு வருகிறார். தடுப்பூசிக்கு 6, 10, 14ஆம் வாரம் என்று செல்போன் மணியடிக்கும். ஊசி போடும் நிமிடத்தில் குழந்தையைப் பிடித்திருப்பது அம்மா. அவர் சுவரில் மாட்டியிருக்கும் போலியோ விளம்பரத்தைக் கவனமாகப் படித்துக்கொண்டிருப்பார்.

அவருடைய முழுத்திறமையும் வெளிப்படுவது எடை விஷயத்தில். பிறந்த குழந்தை முதல் சில நாளில் கொஞ்சம் எடை இழப்பதும், இரண்டு வாரத்துக்குள் அதை மீட்பதும், ஐந்தாறு மாதத்தில் இரட்டிப்பாவதும், ஒரு வயதில் மூன்று மடங்காவதும் சாதாரணம். ஆனால் சாதாரணத்தில் அவருக்கு வேலை இல்லையே! குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்துப் பார்க்கிறார். குழந்தை சரியாகத்தான் இருக்கிறது, தனக்கு ஆறு கிலோ கூடியிருக்கிறது என்பது தெரியவருகிறது. அந்த எண்ணைப் பதிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைகள் ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து தயாரானவை. டெல்லிக் குழந்தைகளும் அதில் உண்டு. அந்த வரைபடத்தில் குழந்தை 50ஆவது பெர்சன்டைலில் இருப்பதாக டாக்டர் சொன்னால், நடுவாந்தரம், நிம்மதி என்று பொருள். 200க்கு 196 கட்–ஆஃப் எடுத்துப் பொறியியல் சேர்ந்தவர் காதில் அது ‘நூற்றுக்கு ஐம்பது’ என்று விழுகிறது. அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

டாக்டருக்கும் பாட்டிக்கும் நடுவே தூது போவதும் அவர் தாமாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு. ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்பது டாக்டர் வாக்கு. வசம்பும் ஜாதிக்காயும் மாசிக்காயும் கல்லில் இழைத்த உரைமருந்து பாட்டியின் பிடிவாதம். ‘டாக்டர் வேணாம்னு சொல்றாரு அத்தை’ என்று இவர் மெதுவாக ஆரம்பித்தால், ‘நீங்களும் இதைக் குடிச்சுத்தான் மாப்பிள்ளை இவ்வளவு உயரம் வளர்ந்திருக்கீங்க’ என்று ஒரே வரியில் வழக்கு முடிந்துவிடும். மருத்துவ நியாயம் இவர் பக்கம்தான். ஆனால் வீட்டில் நியாயத்தை வைத்து யார் எதை நடத்தியிருக்கிறார்கள்?

வாங்கிக் குவிப்பதும் இதே கதைதான். தொட்டில் கம்பியில் கட்டிய பழைய புடவையில் குழந்தை தூங்கும்; அவர் வாங்கிய மரக்கட்டிலில் மடித்த துணிகள் தூங்கும். உட்கார்த்தி வைக்கிற சக்கர வாக்கரை ஏழாம் மாதம் வாங்கினார். அதைக் கனடா 2004இலேயே தடைசெய்துவிட்டது என்று எட்டாம் மாதம் படித்தார். வாக்கர் பரணுக்குப் போயிற்று. ஊரிலிருந்து தாத்தா கொண்டுவந்த மர நடைவண்டி கூடத்துக்கு வந்தது. பயணத்திலும் அவர் நிலை இதுதான். ரயிலில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் கிடையாது, தனிப் படுக்கையும் கிடையாது. அதனால் கீழ்ப்படுக்கையில் தாயும் சேயும், மேல்படுக்கையில் இவர். விழுப்புரம் தாண்டியதும் இறங்கி வந்து ‘தூங்கிடுச்சா?’ என்று கேட்பார். அதுவரை தூங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் பெண்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்: ராத்திரி இரண்டு மணிக்குத் துணி மாற்ற எந்தச் சட்டம் தடுத்தது? எந்தப் பாட்டி அந்த நேரத்தில் வந்து கையைப் பிடித்தாள்? இதற்கு நேர்மையான மறுப்பு கிடையாது. அவர் தாமாக உண்டாக்கிய பொறுப்புகளைக் கவனித்தால் ஒன்று தெரியும்: எல்லாமே கை நனையாத வேலைகள். நிறத்தைக் குறித்துக்கொள்கிற விரல், அதைக் கழுவுகிற விரலாக மாறச் சுணங்குகிறது. இலாகா கிடைக்கவில்லை என்பது பாதி உண்மை. கிடைத்த இலாகா பிடிக்கவில்லை என்பது மீதி.

‘அந்தக் காலத்து அப்பாக்கள் இதுகூடச் செய்யவில்லையே’ என்பது மாமனார் தரப்பு. கூட்டுக்குடும்பத்தில் பெரியவர்கள் எதிரில் சொந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதே மரியாதைக் குறைவாக இருந்தது என்பது மெய்தான். ஆனால் அந்த அப்பாவுக்கு ஒரு இலாகா இருந்தது. ‘அப்பா வரட்டும்’ என்று சொன்னால் வீடு அடங்கும். அந்தப் பயத்துக்கு அவர் நேரில் வரவேண்டிய அவசியம்கூட இல்லை. இன்றைய அப்பா அந்தப் பதவியை மனதார ராஜினாமா செய்துவிட்டார். அதற்கு நான் கைதட்டுவேன். புதுப் பதவிக்கு உத்தரவு வருவதற்குள் பழையதை விட்டதுதான் சிக்கல். இன்னொன்றும் சொல்லலாம்: இவர் நகரத்து நடுத்தர வர்க்கத்து ஆள், புதன்கிழமை தடுப்பூசிக்குத் துணை சுகாதார நிலையம் போனால் அன்றைய கூலி போய்விடுகிற அப்பாவுக்குக் குறிப்பெழுத நேரமில்லை. ஒப்புக்கொள்கிறேன். இந்தச் சித்திரம் சம்பளத்தோடு கவலைப்பட முடிந்தவரைப் பற்றியது.

பதினொன்றாம் மாதத்தை ஒட்டி நிலைமை மாறத் தொடங்குகிறது. காரணம் அவர் திருந்தியதல்ல, பாட்டியின் முழங்கால். படுத்திருந்த குழந்தையைப் பாட்டி ஆண்டாள், தவழ்ந்த குழந்தையையும் ஒருவாறு சமாளித்தாள். நடக்கத் தொடங்கிய குழந்தை, திறந்த லிஃப்டையும் மாடிப்படியையும் குறிவைத்து ஓடும்போது பின்னாலேயே ஓட ஓர் ஆள் வேண்டும். அம்மா அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டாள். தாய்மாமன் சீரோடு முடித்துக்கொண்டார், அத்தை பெயரோடு. செல்போனைச் சோபாவில் எறிந்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ‘அங்க போகாத, டேய், அங்க போகாத’ என்று வராந்தாவில் ஓடுகிறார் அப்பா. எத்தனை முறை ஓடினார் என்பதற்கு எங்கும் பதிவில்லை. அந்த வேலைக்கு வீட்டில் வேறு யாரும் மனுப் போடவும் இல்லை.