கூட்டம் எங்கே நடக்கிறது?

எங்கள் தருமபுரிக்கு மதுவிலக்கு விஷயத்தில் ஒரு பூர்வ பெருமை உண்டு. 1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் தேதியன்று, ராஜாஜியின் மந்திரிசபை இம்மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கை அமல் செய்த சேலம் ஜில்லாவுக்குள்தான் அன்று தருமபுரி அடங்கியிருந்தது. தனி ஜில்லாவாகப் பிரிந்தது 1965-ல். கள்ளுக்கடையை மூடியதனால் கஜானாவுக்கு நேர்ந்த நஷ்டத்தை ஈடு செய்வதற்காக 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார்கள். காலக்கிரமத்தில் கடை திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்த வரியோ திரும்பிப் போகவில்லை. 2003 முதல் டாஸ்மாக் என்ற பெயரில் சர்க்காரே சில்லறை வியாபாரமும் செய்கிறது.

இத்தகைய பூமியில் பிறந்த என் தங்கையின் கணவர், குடியை விடுவதில் மகா நிபுணர். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டு விட்டுவிடுவார். மலையிறங்கி மாலையைக் கழற்றியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டும் விடுவார்; ஆனால் கட்டும்போதே எத்தனை மாதத்துக்கு என்று பூசாரியிடம் கெடு பேசிக்கொள்வார். கெடு முடிகிற நாளைக் காலண்டர் பாராமல் சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரக்கூடும் என்பதால், கடைசியில் ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப்போனோம். அவர் மாத்திரைகளால் கைநடுக்கத்தைத் தீர்த்துவிட்டு, இனி வாராவாரம் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லி, இடத்தையும் நேரத்தையும் தெரிவித்தார். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மாலை என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்.

வருகிறவர் இன்னார் என்று வெளியே தெரியக் கூடாது என்பதே அந்த ஸ்தாபனத்தின் தலையாய தர்மமாகையால், அதற்கு வாசலில் தோரணமோ ஒலிபெருக்கியோ கிடையாது. ஆகவே பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில், "அண்ணே, இந்தக் குடிக்கிறவங்க கூட்டம் எங்க நடக்குது?" என்று விசாரித்தேன்.

"எந்தக் கூட்டம்ங்க? இந்தச் சந்துல ஒண்ணு, பாலத்துக்கு அந்தாண்ட ஒண்ணு. மத்தியானம் பன்னண்டு மணிக்கு ஆரம்பிச்சா ராத்திரி பத்து வரைக்கும் நடக்கும்" என்றார் அவர்.

"அது இல்லைங்க, குடியை விட்டவங்க கூட்டம்."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "விட்டவங்க எதுக்குங்க கூட்டம் போடறாங்க? ஊட்டுக்குப் போவ வேண்டியதுதான?"

அதற்குள் பெஞ்சியில் இருந்தவர்கள் எல்லோரும் இந்த ஆராய்ச்சியில் கலந்துகொண்டு, ஒருவர் ஆஸ்பத்திரிக்கும், ஒருவர் கோயிலுக்கும், இன்னொருவர் அன்று மாலை நடக்கவிருந்த அரசியல் பொதுக்கூட்டத்துக்கும் எங்களுக்கு வழி சொல்லிவிட்டார்கள். "மச்சான், கொஞ்சம் மெதுவாக் கேளுங்க" என்று மாப்பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நடுத்தெருவில் வேஷ்டி அவிழ்ந்தபோதும் வெட்கப்படாத மனிதர், குடியை விடப்போகும் செய்தி ஊருக்குத் தெரிகிறதே என்று வெட்கப்பட்டார்! அப்போது மூலையில் டீயை மௌனமாகக் குடித்து முடித்த ஒரு பெரியவர் காசைக் கொடுத்துவிட்டு, "நானும் அங்கதான் போறேன், வாங்க" என்றார்.

இந்த ஸ்தாபனம் உற்பத்தியானதே இப்படி ஒரு தேடலில்தான். 1935-ல், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் என்ற அமெரிக்கப் பங்குத் தரகர், ஆக்ரன் நகரத்துக்கு வந்த இடத்தில் வியாபாரம் கெட்டுப்போய், ஹோட்டல் கூடத்தில் ஒரு பக்கம் மதுக்கூடமும் மறுபக்கம் டெலிபோனுமாக நின்று தவித்தபோது, தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரனோடு பேசினால்தான் பிழைப்போம் என்று தோன்றி, முன்பின் அறியாதவர்களுக்கெல்லாம் போன் செய்து விசாரித்தார். அகப்பட்டவர் பாப் என்ற டாக்டர். அவர்கள் இருவர்தான் முதல் கூட்டம்.

நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் ஒரு பள்ளிக்கூடத்துப் பின்னறை. வட்டமாகச் சில பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் டீ. சந்தாவோ விண்ணப்பமோ இல்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே அங்கத்தினர் ஆவதற்கு யோக்கியதை. ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துப் பேசினார்கள். எதிர் நாற்காலிக்காரரும் மாப்பிள்ளையும் எங்கோ பார்த்த முகமாயிருக்கிறதே என்ற பாவனையில் ஒருவரையொருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கே பார்த்தது என்பது இருவருக்கும் நன்றாகத் தெரியும். மாப்பிள்ளை தம் முறை வந்தபோது, "எப்பவாவது கொஞ்சம்…" என்று தொடங்க, எதிரில் இருந்தவர் மெல்லக் கனைத்தார். மாப்பிள்ளை நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து, இம்முறை உள்ளதைச் சொன்னார். மனைவியிடமும், டாக்டரிடமும், அம்மனிடமும் சாதித்துவந்த பொய், பக்கத்தில் உட்கார்ந்து குடித்தவர் முன்னால் செல்லுபடியாகவில்லை. இந்தக் கூட்டத்தின் வைத்திய ரகசியம் இவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது.

சர்க்காருக்கு ஒரு விண்ணப்பம். தான் விற்கும் சரக்கு வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று தன் கடைவாசலிலேயே எழுதிவைக்கும் சத்தியசந்தனான வியாபாரி உலகத்தில் தங்களைத் தவிர வேறொருவர் இருப்பாரோ, சந்தேகம். அந்த எச்சரிக்கைக்குக் கீழே, போதை மீட்பு ஆலோசனைக்கான 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும், அந்த ஊரில் கூட்டம் நடக்கும் இடத்தையும் கிழமையையும் ஒரு வரியில் எழுதிவைத்தால், டீக்கடையில் விசாரிக்கும் சிரமம் எங்களுக்கு மிச்சமாகும்.