பல்லியைத் தட்டினால் கழுதைப்புலி

அனுப்புநர்:
வீட்டுப் படக் களஞ்சியத்தின் சம்பளமில்லாத நிர்வாகி,
மாடி அறை, பாளையங்கோட்டை.

பெறுநர்:
உயர்திரு அடையாளப் பொருத்துநர் அவர்கள்,
திரைப்படங்கள் மற்றும் தொடர்கள் பிரிவு, மீடியா சர்வர்,
டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டு, ரவுட்டருக்கு இடப்பக்கம்.

பொருள்: எங்கள் வீட்டுப் படங்களுக்குத் தாங்கள் வழங்கிய அடையாளங்களில் திருத்தம் கோருதல் தொடர்பாக.

பார்வை: நேற்று நள்ளிரவு யாரையும் கேட்காமல் தாங்கள் செய்த புதுப்பிப்பு.

ஐயா,

தங்கள் விசிறி இரவு முழுக்க இரைகிற சத்தம் மாடிவரை கேட்பதால் தங்கள் நலத்தைத் தனியாக விசாரிக்கத் தேவையில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா ‘ஆயிரத்தில் ஒருவன்’ பார்க்க உட்கார்ந்தார். அவருக்கு அந்தப் பெயரில் உலகத்தில் ஒரே படம்தான். 1965இல் பி.ஆர்.பந்துலு எடுத்தது, எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலில் ஜோடி சேர்ந்தது. அவர் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பார்த்தது. ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி வந்து சேர்ந்தார். அந்தப் பெயரின் மேல் தாங்கள் கார்த்தியின் போஸ்டரை ஒட்டி வைத்திருந்தீர்கள். இயக்கம் செல்வராகவன், ஆண்டு 2010. அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்து மறுபடி பார்த்தார். “நம்மகிட்ட அந்தப் படம் இல்ல போலிருக்கு” என்று டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். படம் அங்கேயேதான் இருந்தது, ஐயா. கார்த்தியைத் தட்டியிருந்தால் எம்.ஜி.ஆர். வந்திருப்பார். 74 வயது மனுஷனுக்கு அப்படித் தட்டிப் பார்க்கத் தோன்றுமா?

தாங்கள் வேலை பார்க்கிற முறையை நான் ஓரளவு தெரிந்து வைத்திருக்கிறேன். படத்துக்குள் தாங்கள் எட்டிப் பார்ப்பதே கிடையாது. ஃபோல்டர் பெயரையும் ஃபைல் பெயரையும் வாசிக்கிறீர்கள். 1080பி, எக்ஸ்264 மாதிரியான குப்பையைத் தள்ளுகிறீர்கள். மிச்சத்தைக் கொண்டுபோய், ஊர்கூடி இணையத்தில் நிரப்பி வைத்திருக்கிற ஒரு சினிமாப் பதிவேட்டில் கேட்கிறீர்கள். வரிசையில் முதலில் நிற்பவரைக் கையோடு அழைத்து வந்துவிடுகிறீர்கள். வாசலில் பெயர்ப்பலகையைப் படித்து, கதவைக்கூடத் தட்டாமல், உள்ளே இருப்பவர்களுக்குக் குடும்ப அட்டை எழுதிக் கொடுக்கிற அலுவலர் தாங்கள்.

பெயரோடு ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்தால் இந்தத் தவறு வராது என்பது தங்கள் தரப்பு வாதம். நியாயமான வாதம், நானும் எழுதத் தொடங்கிவிட்டேன். ஏனென்றால் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் இது, சினிமாவிலும் அதே வழக்கம்தான். பொல்லாதவன், படிக்காதவன், மாப்பிள்ளை, தங்கமகன்: நான்கும் ரஜினி படம், நான்கும் தனுஷ் படம். ‘விக்ரம்’ என்றால் 1986இலும் கமல்தான், 2022இலும் கமல்தான். இந்த இரண்டு விக்ரம்களையும் தாங்கள் ‘ஒரே படம், இரண்டு பிரதிகள்’ என்று சேர்த்து ஒட்டினீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதாமல் நகல்களை அழிக்க உட்கார்ந்த ஒரு ராத்திரி, அந்த 1986 விக்ரமின் மேல் என் விரல் போய்விட்டது. தரம் குறைந்த பிரதி என்று தாங்கள்தான் சான்று கொடுத்திருந்தீர்கள். கரண்ட் போனதால் படம் தப்பியது. மின்தடைக்கு நன்றி சொன்ன ஒரே நாள் அது.

ஆனால் ஆண்டு எழுதினால் எல்லாம் சரியாகிவிடுமா? லியோவுக்கு வருவோம்.

2023 அக்டோபரில் லோகேஷ் கனகராஜ் இயக்கி விஜய் நடித்த ‘லியோ’ வந்தது. அதே 2023 நவம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் ‘லியோ’ என்றே ஒரு கார்ட்டூன் படம் வந்தது. புளோரிடாவில் ஒரு வகுப்பறைக் கண்ணாடித் தொட்டியில் வாழும் 74 வயதுப் பல்லியின் கதை. குரல் ஆடம் சாண்ட்லர். (என் அப்பா வயதுதான். உண்மையில் அது பல்லியும் இல்லை, டுவாட்டாரா என்கிற நியூசிலாந்துப் பிராணி. அடையாளம் என்றால் இவ்வளவு பார்க்க வேண்டும், ஐயா.) பெயரும் ஒன்று, ஆண்டும் ஒன்று. எங்களிடம் இருந்தது விஜய். தாங்கள் ஒட்டியது பல்லி.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். பல்லி குழந்தைகள் படமாயிற்றே என்று அதன் தணிக்கைக் குறியையும் எடுத்து வந்து மாட்டினீர்கள். அக்கா மகனுக்கு ஆறு வயது. அவனுக்கென்று கட்டுப்பாடெல்லாம் போட்டுத் தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். அதில் போய் அந்தப் பல்லி பல்லிளித்துக்கொண்டு நின்றது. தட்டினான். கொஞ்ச நேரத்தில் கழுதைப்புலி வந்தது. அதற்குப் பின் வந்த மனிதர்கள் கழுதைப்புலியைவிட மோசம். நான் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வரும்போது பிள்ளை சோபாவின் மேல் காலை மடக்கி உட்கார்ந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: “சித்தி, பல்லி எப்ப வரும்?”

என் தரப்பிலும் குற்றம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பீரோவில் இருநூறு விசிடிகளுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றையும் லேப்டாப்பில் போட்டுத் திறந்தால், உள்ளே ஃபைலின் பெயர் ‘ஏவிசெக்01.டேட்’. ‘பாசமலர்’ ஆனாலும் அதே பெயர், ‘பாட்ஷா’ ஆனாலும் அதே பெயர். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பெயர் வைத்த குடும்பம் அது. போதாததற்கு ஒரு விசிடியில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் கொள்ளும் என்பதால் இடைவேளைக்கு முன் ஒரு தட்டு, பின் ஒரு தட்டு. ஏ.பி.நாகராஜனின் ‘திருவிளையாடல்’ (1965) இரண்டாம் தட்டுக்கு அவசரத்தில் நான் ‘திருவிளையாடல் 2’ என்று பெயர் கொடுத்துவிட்டேன். எல்லாப் படத்துக்கும் இரண்டாம் பாகம் எடுக்கிற காலம் என்பதால் தாங்கள் சந்தேகப்படவில்லை. 2006இல் வந்த ‘திருவிளையாடல் ஆரம்பம்’ என்று முடிவு கட்டினீர்கள். இடைவேளை வரை சிவாஜி, அதற்குப் பின் தனுஷ். பாதிப் படத்தில் பரமசிவனுக்கு அவதாரம் மாறியது அந்தப் புராணத்திலேயே இல்லை. குற்றம் என் பெயரில்தான். இருந்தாலும் நெற்றிக்கண் வைத்திருப்பவரிடம் பிழை சொல்கிற உரிமை தமிழ்நாட்டில் பழையது.

எழுத்துக்கூட்டு விவகாரம் தனி. ‘காதல்’ என்று நேராகத் தமிழில் அடித்தால், புண்ணியவான் யாராவது பதிவேட்டில் தமிழ்ப் பெயரையும் ஏற்றி வைத்திருந்தால் ஒழிய, தாங்கள் கண்டுகொள்வதில்லை. ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். எந்த ஆங்கிலத்தில்? ஒரு ‘ஏ’ போடுவதா, இரண்டு போடுவதா? நடுவில் வருவது ‘டி’யா, இல்லை அந்த இன்னொரு ‘டி’யா? தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து என்பதால் தங்களுக்கு இதை எழுதிக்கூட விளக்க முடியவில்லை பாருங்கள். இந்தத் தடுமாற்றத்தில் பாலாஜி சக்திவேலின் 2004 ‘காதல்’ போய், ஜியோ பேபியின் 2023 மலையாளக் ‘காதல்’ வந்து உட்கார்ந்தது. மதுரையில் மெக்கானிக்காக நிற்க வேண்டிய பரத்தின் இடத்தில், மம்மூட்டி பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கிறார். அதுவும் நல்ல படம்தான், அதனால் கோபப்படவும் முடியவில்லை.

‘ஐ’, ‘ஈ’, ‘3’ போன்ற ஓரெழுத்துப் படங்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் தங்களைப் பழிவாங்கத்தான் வைத்தார்கள் போலிருக்கிறது. சூர்யாவின் ‘24’ஐ அமெரிக்க டிவி தொடராக்கியதையும், ‘96’ஐ 1996ஆம் ஆண்டு என்று வாசித்ததையும் மன்னித்துவிட்டேன்.

தொடர்களுக்கு வந்தால் தங்களுக்கு ஒரே பிடிவாதம்: சீசன் எத்தனை, எபிசோடு எத்தனை? ஐயா, எங்கள் பக்கம் சீசன் என்றால் குற்றாலம்தான். ‘கோலங்கள்’ 2003இல் தொடங்கி 2009 வரை ஓடியது. 1,500 எபிசோடுக்கு மேல். அதில் எந்தக் கண்ணீரில் முதல் சீசன் முடிந்து, எந்தக் கண்ணீரில் இரண்டாவது தொடங்கியது என்று அதன் நாயகி அபியே வந்தாலும் சொல்ல முடியாது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘மர்மதேசம்’ இதற்கு நேர் எதிர். ரகசியம் ஒரு கதை, விடாது கருப்பு இன்னொரு கதை. ஆள் வேறு, ஊர் வேறு. ஒரே தொடரின் பகுதிகளா, தனித்தனித் தொடர்களா என்று நானும் தாங்களும் இரண்டு ராத்திரி மல்லுக்கட்டினோம். கடைசியில் ஒவ்வொரு கதையையும் ஒரு சீசன் என்று பெயர் மாற்றி, பாகம் பாகமாக எண் போட்டுக் கொடுத்தேன். தாங்கள் வாங்கிக்கொண்டீர்கள். அந்த வெற்றியைக் கொண்டாட வீட்டில் யாரும் விழித்திருக்கவில்லை.

தங்களுக்கு ஒருவரை அறிமுகப்படுத்த வேண்டும். என் அம்மா. தங்கள் வேலையைத்தான் அவரும் பார்க்கிறார், அடுப்படியில் நின்றபடி, திரையைப் பார்க்காமல். எஸ்.பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) படத்துக்குத் தாங்கள் பாக்யராஜின் ‘அந்த 7 நாட்கள்’ (1981) போஸ்டரை ஒட்டியிருந்தீர்கள். நான் எதுவும் சொல்லாமல் ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது: “இவ்வளவு நேரமா ஒரு பாட்டுக்கூட வரலையே, ‘அந்த நாள்’தானே ஓடுது?” வராத பாட்டை வைத்துப் படத்தைச் சொன்னார், ஐயா.

அதைவிட முக்கியமான ஒன்றை அவரிடம் தாங்கள் கற்றுக்கொள்ளலாம். தெரியாவிட்டால் சொல்ல மாட்டார். “நாகேஷ் குரல் கேட்குது. பேரு வர மாட்டேங்குது. இரு, நாளைக்குச் சொல்றேன்” என்பார். மறுநாள் கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது சட்டென்று திரும்பிப் பெயரைச் சொல்வார். தங்கள் அகராதியில் ‘நாளைக்குச் சொல்றேன்’ என்பது இல்லை. தெரிகிறதோ தெரியவில்லையோ, போஸ்டர், நடிகர் பட்டியல், கதைச்சுருக்கம், பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று ஜோடனையோடு கொண்டுவந்து நிறுத்திவிடுகிறீர்கள். ஒரு கட்டத்தைச் சும்மா சாம்பல் நிறத்தில் விட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால் என்ன குறைந்துவிடும்? அப்பா அதைத் தட்டிப் பார்த்திருப்பார். தெரியாததைத் தட்டிப் பார்க்கிற ஆள்தான் அவர்.

திருத்தும் வழிகளைத் தாங்கள் கொடுக்காமல் இல்லை. மூன்று புள்ளியை அமுக்கு, பொருத்தத்தைச் சரிசெய், பட்டியலில் தேர்ந்தெடு, சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிரு. முரண்டு பிடிக்கும் படத்துக்குப் பதிவேட்டு எண்ணையே ஃபோல்டர் பெயரில் நெளிவு அடைப்புக்குறி போட்டு எழுது. லியோ அப்படித்தான் விஜய் ஆனார். பிறகு ஒவ்வொரு தகவலின் பக்கத்திலும் இருக்கும் குட்டிப் பூட்டைப் பூட்டு. பூட்டாமல் விட்டால் அடுத்த புதுப்பிப்பில் போஸ்டர் மாறிவிடும். நேற்றிரவு மாறியவை நான் பூட்ட மறந்தவை. ‘ரோஜா’வின் போஸ்டரில் இப்போது இந்தி எழுத்து இருக்கிறது.

இத்தனை மாதத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திருத்திவிட்டேன். ஒன்றைத் தவிர. இந்த மனுவின் முக்கிய நோக்கம் அதுதான்.

அக்கா கல்யாண சிடியை ‘கல்யாண’ என்ற ஃபோல்டரில், ஆண்டு போடாமல், படங்களோடு படமாக வைத்துவிட்டேன். வீட்டு வீடியோக்களுக்குத் தங்களை அண்டவிடாத தனிப் பிரிவு உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது. தாங்கள் அதை ஸ்ரீதரின் ‘கல்யாணப் பரிசு’ (1959) என்று பொருத்தினீர்கள். கட்டத்தில் ஜெமினி கணேசன், சரோஜாதேவி. தட்டினால் நாதஸ்வரம், பந்தி, மூக்கில் வியர்வையோடு அக்கா, கேமராவைப் பார்த்துக் கையசைக்கும் சித்தப்பா. கீழே கதைச்சுருக்கம்: தங்கை ஒருவனை விரும்புகிறாள், அக்காவும் அவனையே விரும்புவது தெரிந்து விட்டுக்கொடுக்கிறாள், அவன் அக்காவைக் கட்டிக்கொள்கிறான்.

அந்த வீட்டில் தங்கை நான் ஒருத்திதான், ஐயா.

பொங்கலுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது அத்தான்தான் அதைச் சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா முறுக்கைக் கடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் அம்மாதான் முதலில் சிரித்தார். அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. நான் ரிமோட்டை எடுத்து மூன்று புள்ளியை அமுக்கப் போனேன். அத்தான் தடுத்தார். “ஜெமினி கணேசனா இருக்க இதைவிட்டா எனக்கு வேற சந்தர்ப்பம் கிடைக்காது. பூட்டிடு” என்றார்.

பூட்டிவிட்டேன். நள்ளிரவில் வந்து அதை மட்டும் தொட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழே எழுதாமல் விட்ட பெயர் (எழுதினால் அதையும் எங்காவது பொருத்திவிடுவீர்கள்).